சேர்வராயன் மலையும் தரங்கம்பாடி மடல்களும்

ஓய்வு முகாம்களுக்கென ஏற்காட்டிற்கு வரும் போதகர்களும் இறையியல் மாணவர்களும் ஒருநாள் மாலையில் சேர்வராயன் கோயில் வரை சென்று வருவது வழக்கம். ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், மரங்கள் அருகிப் புல்வெளி விரிந்து கிடக்கும் மலையுச்சியில், குகைபோல் தாழ்ந்த சிறு கோயில் அது. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவிற்கு மலைச் சிற்றூர்களிலிருந்து மக்கள் திரளாய் வருகின்றனர். நம்மவர்களோ காற்றையும் காட்சியையும் புகழ்ந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். வழிபட வந்தவரோடு அமர்ந்து பேசுவோர் மிகச் சிலரே. இக்குறையை வரலாற்றின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மலையின் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் மலையில் ஆள்வோர் என்னும் பொருளில் வழங்குவது. கேரள நாட்டினரைக் குறிப்பதன்று. அவர்களுடைய மொழி தமிழே. தம் முன்னோராகிய உடன்பிறந்தார் மூவர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் மரபு. 1883ஆம் ஆண்டில் லெ பானு வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டிலும், 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதிகளிலும் இம்மக்களைப் பற்றிய செய்திகள் உள்ளன. அவற்றிற்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் அவை எத்தகைய கேள்விகளிலிருந்து பிறந்தவை என்பதை மறத்தல் ஆகாது. கேட்டவர் ஆட்சியின் அலுவலர், விடையளித்தவர் ஆளப்பட்டவர். தர்ஸ்டன் தாம் ஆராய்ந்த மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தவர். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820ஆம் ஆண்டையொட்டி இம்மலையில் காப்பிப் பயிரைக் கொணர்ந்தபின், தோட்டங்கள் பெருகி, சாமையும் கேழ்வரகும் விளைந்த மலையின் வாழ்வே மாறிற்று. அம்மாற்றத்தைக் குறித்து மலையாளி என்ன எண்ணினான்? தன்னை அளந்தவனைப் பற்றி அவன் கருத்து யாது? இவை அந்நூல்களில் அரிதாகவும் தென்படுவதில்லை.

வேறுவகையாகக் கேட்டிருக்க இயலுமா எனில், இயலும் என்பதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே சான்று உண்டு. அச்சான்று மலையில் அன்று, கடற்கரையில் உள்ளது. லெ பானுவின் கையேட்டிற்கு 170 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழைக் கற்றதோடு அமையாது, தமிழர் எவற்றைப் படிக்கின்றனர் என்றறிய ஓலைச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைக் குறிப்புகளோடு பட்டியலிட்டு 1708இல் ஐரோப்பாவிற்கு அனுப்பினார். பின்னர் 1712 முதல் 1714 வரை அவரும் கிரண்ட்லரும் தமிழர் பலருக்குக் கேள்விகளை எழுதியனுப்பி, விடைகளை மடல்களாகப் பெற்றனர். அவ்வாறு பெற்ற 99 மடல்கள் ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பெற்று ஹாலே நகரில் அச்சேறின. கடவுள், கோயில், திருமணம், கல்வி, மருத்துவம், உணவு, அன்றாட ஒழுக்கம் என அவை தொடாத துறை இல்லை எனலாம். நேரில் நிகழ்ந்த உரையாடல்களுள் முப்பத்துநான்கு, 1719இல் லண்டனில் ஆங்கில நூலாகவும் வெளிவந்தன.

இம்மடல்களின் தனிச்சிறப்பு, கேட்டவரையே திருப்பிக் கேட்கும் துணிவாகும். உங்கள் வேதத்தின் போதனை நன்று. ஆனால் கிறிஸ்தவர்களின் நடத்தை ஏன் அதற்கு ஒத்திருக்கவில்லை என அவர்கள் வினவினர். ஐரோப்பியர் மாட்டிறைச்சி உண்பதையும், குடித்து வெறிப்பதையும், உடல் தூய்மை பேணாமையையும் சுட்டிக்காட்டினர். துறைமுகத்தில் தாம் நாள்தோறும் கண்டதையே அவர்கள் எழுதினர். இங்கே உணவு, சமயம், அரசியல் என்று பிரித்துப் பேசுவதற்கு இடமில்லை. வணிகக் கோட்டையில் ஆட்சி செலுத்தியோர் உண்ட உணவும் அவர்கள் நடந்த நடையுமே மக்கள் கண்ணுக்கு அவர்களுடைய சமயமாகத் தோன்றின. இக்கண்டனத்தை மறைத்துவிடாமல் மொழிபெயர்த்துத் தம் நாட்டுத் திருச்சபையார் படிக்க அனுப்பியதே அவ்வருட்பணியாளர்களின் நேர்மைக்குச் சான்று.

எனினும், இவ்வுரையாடலை மிகையாகப் புகழ்தலும் வரலாற்றிற்கு ஒவ்வாது. சீகன்பால்கு தம் எதிரில் இருந்தவரைத் தம் நம்பிக்கைக்கு வென்றெடுக்க விரும்பியே பேசினார். மடல் எழுதியோரின் பெயர்கள் அச்சில் இடம்பெறவில்லை. அவர்தம் குரல் மொழிபெயர்ப்பின் வாயிலாகவே நமக்கு எட்டுகிறது. கேட்டவற்றைக் கேட்டவாறே பதிவு செய்யும் இப்பணியைத் தாய்நாட்டிலிருந்தோர் விரும்பவும் இல்லை. புறச்சமயத்தை ஒழிப்பதே அருட்பணி, அதைப் பரப்புவதன்று என்பது ஹாலேயின் எண்ணமாயிருந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி முடித்த நூல், 154 ஆண்டுகள் கழித்து, 1867இல் சென்னையில்தான் அச்சு வடிவம் பெற்றது. பிறரைச் செவிமடுத்தவனின் குரலைத் திருச்சபையே செவிமடுக்கத் தயங்கியது என்பது நாம் நாணத்துடன் ஏற்கவேண்டிய உண்மையாகும்.

நம் காலத்தை அடுத்து, பால் தேவானந்தனும் எம். எம். தாமசும் சமயங்களுக்கிடையே உரையாடலை இந்தியத் திருச்சபையின் கடமையாக வலியுறுத்தினர். உலகத் திருச்சபைகளின் மன்றமும் 1979இல் அதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால் இவ்வுரையாடல் பெரும்பாலும் கற்றோர் அவையிலேயே தங்கிவிட்டது. வேதாந்தியோடு பேச ஆயத்தப்படும் இறையியல் மாணவன், சேர்வராயனுக்குப் பொங்கலிடும் மூதாட்டியோடு என்ன பேசுவதென்று அறியாமல் நிற்கிறான்.

எம்மாவூர்ச் சாலையில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் நடந்துகொண்ட முறையை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும் (லூக்கா 24). வழிநடந்த இருவரும் பேசிக்கொண்டது அன்றைய அரசியல்: அதிகாரிகளின் தீர்ப்பு, சிதைந்துபோன விடுதலை நம்பிக்கை. ஆண்டவர் முதலில் கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். அதன்பின்னரே வேதவாக்கியங்களை விளக்கினார். ஆயினும் அவர்கள் கண்கள் திறக்கப்பட்டது அவர்கள் வருந்தி அழைத்த வீட்டில், பந்தியிலே அவர் அப்பம் பிட்டபோதுதான். விருந்தினராய் அழைக்கப்படுமளவு கேட்கத் தெரியாதவருக்கு அப்பந்தி கிட்டுவதில்லை.

ஆகவே, அடுத்த முறை சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் நம் மாணவர்கள் காப்பித் தோட்டத்துக் கூலியையும், பாக்சைட்டிற்காக வெட்டப்பட்ட மலையையும், பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதியால் விளைந்த நன்மை தீமைகளையும், சாமைச் சோற்றின் சுவையையும், சேர்வராயனின் கதையையும் அம்மக்களிடமே கேட்பார்களாக. அதன்பின், நம் திருச்சபையைக் குறித்து அவர்கள் எண்ணுவதையும் கேட்பார்களாக. வரும் விடை கசப்பாயிருப்பினும், தரங்கம்பாடியில் செய்யப்பட்டதுபோல் அதை அப்படியே எழுதிவைத்தல் வேண்டும். நம்மைக் குறைகூறும் குரலுக்கு இடமளிக்கும் ஏடே நம்பத்தக்க திருச்சபை வரலாறாகும்.