மாடக்குழி

இளையாத்தங்குடியில் எங்கள் அப்பத்தா வீட்டு வளவுச் சுவரில் ஒரு மாடக்குழி உண்டு. முக்கோண முகடு, ஒரு சாண் ஆழம், மேலே பல வருஷத்துப் புகைக்கரி, அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. கார்த்திகைக் காற்றில் வாசல் அகலெல்லாம் அணைந்துபோகும். மாடக்குழி விளக்கு நின்று எரியும். உயிரியல் புத்தகத்தில் 'நிஷ்' என்ற சொல்லை முதலில் பார்த்தபோது இந்தக் குழிதான் என் கண்ணில் வந்தது. பிரெஞ்சில் அதற்கு நேர்ப்பொருளே சுவர்க்குழிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதன் வேர் லத்தீனில் பறவைக்கூடு என்பார் பலர், இத்தாலியில் சிப்பி என்பார் சிலர். 1917-ல் ஜோசப் கிரின்னெல் ஒரு கலிபோர்னியப் பறவையின் வாழிடத்துக்கு அந்தச் சொல்லை வைத்தார். 1978-ல் மான்செஸ்டரில் ரே ஸ்கோஃபீல்ட் அதை எலும்பு மஜ்ஜைக்குள் கொண்டுபோனார். மண்ணீரலில் முளைக்கும் ரத்த அணுக்கள், மஜ்ஜையில் இருப்பவை போல நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஏன்? குருத்தணுவை (ஸ்டெம் செல்லை) குருத்தாகவே வைத்திருப்பது அதைச் சுற்றி இருக்கும் அணுக்கள் என்றார் அவர். இடத்தை விட்டு விலகியது முதிர்ந்துவிடும். சற்று முதிர்ந்ததுகூடக் காலி இடம் கிடைத்தால் மறுபடி குருத்தாகலாம்.

இதைக் கண்ணால் காட்டியது பழ ஈ. 2000-ல் டிங் ஷீயும் ஆலன் ஸ்ப்ராட்லிங்கும் அதன் சூலகத்தைப் பார்த்தார்கள். நுனியில் தொப்பிபோல் நிற்கும் சில அணுக்களை ஒட்டி இரண்டு மூன்று குருத்தணுக்கள். அங்கிருந்து கசியும் சைகை கைக்கெட்டும் தூரம்தான் போகும். ஒரு குருத்தணு பிரிந்து பிறக்கும் இரண்டில் ஒட்டியது குருத்தாக நிற்கும், தள்ளிப்போனது முட்டையாகக் கிளம்பும். ஒன்று தொலைந்தால் பக்கத்திலிருப்பது பிரிந்து அந்த இடத்தை நிரப்பும்.

தமிழில் இந்த 'நிஷ்' என்பதற்கு என்ன பெயர்? எங்கள் ஊர் கைலாசநாதர் கோயில் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. 1962-ல் ஆகம சிற்ப சதஸ் கூடிய ஊரும் இதுதான். ஆகவே கோயில் சுவர்க்குழியைச் சொல்லும் 'கோட்டம்' என்ற சொல் முதலில் நாவில் வருவது இயல்பு. தென்சுவர்க் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கிறார். களஞ்சியம், உள்ளறை என்று பொருள்படும் வடசொல் கோஷ்டம் தமிழில் அப்படித் திரிந்தது. அழகான சொல்தான். ஆனால் அவரை எடுத்து மண்டபத்தில் வைத்தாலும் அவர் தட்சிணாமூர்த்திதான். விளக்கு அப்படியில்லை, மாடத்தை விட்டு வெளியே எடுத்தால் அணைந்துபோகும். என் ஓட்டு மாடத்துக்குத்தான்.

ஸ்டெம் செல்லுக்குச் சொல்லும் 'தண்டு செல்' என்பதையும் விட்டுவிடலாம். 1868-ல் ஹேக்கெல் ஜெர்மனில் ஆண்ட சொல் குலமரத்தின் அடிமரத்தைச் சொன்னது, கீரைத்தண்டை அல்ல. குருத்து என்றால் பனையின் உச்சி நினைவுக்கு வருகிறது: மட்டைகள் பொத்திக் காக்கிற இளசு.

மாடம் கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கண் சொல்லும். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பு மடிப்புகளில்தான் கருவிழி மேல்தோலின் குருத்தணுக்கள் தங்குகின்றன. அவற்றைப் பெரிய உட்கருவும் மிகுந்த பி63 புரதமும் கொண்டு அடையாளம் காணும் வழியை 2005-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் வி.ஆர். முத்துக்கருப்பன் குழு வெளியிட்டது. கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் அந்த விளிம்பு வெந்துபோகும். அங்கே புது அணுவை வைத்தாலும், அடித்தளம் தழும்பேறிக் கிடந்தால் அது நிலைப்பது கடினம்.

மாடம் நன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதை மஜ்ஜை சொல்லும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. முதலில் கடும் மருந்து கொடுத்துப் பழைய அணுக்களை அகற்றி மாடங்களைக் காலிசெய்வார்கள். பிறகு கொடையாளியின் குருத்தணுக்களைச் சாதாரண ரத்தம்போல ரத்தநாளம் வழியே சொட்டுச்சொட்டாக ஏற்றுவார்கள். எலும்பைத் துளைத்து உள்ளே வைப்பதில்லை. மஜ்ஜையிலிருந்து கசியும் சைகையைப் பிடித்துக்கொண்டு அவையே போய்ச் சேரும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளையணு எண்ணிக்கை ஏறத் தொடங்கும். மாடத்தில் திரி பற்றிக்கொண்டது வீட்டாருக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துத்தான் தெரியும்.