மூழ்காத கப்பல்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் போனால், புது வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் மத்திய அரசு மையம் இருக்கு. இப்படி வேணும்னே இடித்துப் பார்க்கும் வேலையைக் கருவிகளுக்குக் கொண்டுவந்ததில் போர்க்கப்பல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1939 நவம்பர் 21. பிரிட்டிஷ் கப்பல் பெல்ஃபாஸ்டுக்கு அடியில் காந்தக் கண்ணிவெடி வெடித்தது. ஓட்டை என்னவோ சின்னதுதான், கப்பல் மூழ்கவும் இல்லை. ஆனால் உள்ளிருந்த இயந்திரங்கள் நொறுங்கின. திரும்பப் பணிக்கு வர 1942 ஆகிவிட்டது!

அந்தப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை, கருவியை இரும்புத்தட்டில் பூட்டி, சுமார் 180 கிலோ சுத்தியலை 1, 3, 5 அடி உயரத்திலிருந்து விட்டு அடித்துப் பார்த்தது. முரட்டுத்தனம்தான், ஆனா பலன் கொடுத்தது.

அதிர்வு வேறு சங்கதி. ஒரே அடியைத் தாங்கும் சாலிடர், லட்சக்கணக்கான சின்னக் குலுக்கலில் விரிசல் விடும். குலுக்கல் கருவியின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஊஞ்சலைத் தாளத்துக்குத் தள்ளுற கதைதான். அதனால முதலில் அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடிச்சு, அப்புறம் மணிக்கணக்கா குலுக்குவாங்க.