வானில் ஓர் உலை

மார்கழி மாதத்து முன்னிரவில் ஓரியன் என்னும் வேடன் கீழ்வானில் ஒளிவீசி நிற்பான். அவனுக்குத் தென்மேற்கே, ஒளிமிக்க விண்மீன் ஒன்றேனும் இல்லாத பகுதியொன்று உண்டு. நான் ஆசிரியப் பணி தொடங்கிய நாளில், மாணவன் ஒருவன் அவ்விடத்தைச் சுட்டி, "ஐயா, அங்கே என்ன இருக்கிறது?" என்று வினவினான். "ஒன்றுமில்லை" என்று கூறிவிட்டேன். அவ்விடை எத்துணைப் பிழையானது என்பதைப் பின்னர்க் கற்றேன்.

அப்பகுதிக்குப் பெயரிட்டவர் லகாய் என்னும் பிரெஞ்சு வானநூல் அறிஞர். அவர் 1751 ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்று, அரை அங்குல வாயுடைய சிறு தொலைநோக்கியால் ஏறத்தாழ 10,000 தென்வான் விண்மீன்களை அளந்து குறித்தார். பழங்காலத்தார் வானில் விலங்குகளையும் வீரர்களையும் கண்டனர்; அவரோ அறிவியற் கருவிகளைக் கண்டார். மங்கலான இச்சில மீன்களுக்கு இரசாயன உலை என்று பெயர் சூட்டினார். அதுவே இன்று ஃபோர்னாக்ஸ் எனப்படும் உலை விண்மீன் குழு.

1826 இல் ஜேம்ஸ் டன்லப் என்பார், ஆஸ்திரேலியாவின் பரமட்டாவிலிருந்து அவ்வுலையில் மங்கிய ஒளித்திட்டுகள் சிலவற்றைக் கண்டார். அவை யாவை என்பது ஏறத்தாழ நூறாண்டுகள் விளங்கவில்லை. ஆண்ட்ரோமீடாவில் காணும் ஒளித்திட்டு, நம் பால்வீதிக்கு அப்பால், கோடானுகோடி விண்மீன்கள் செறிந்த தனி அண்டம் என்று 1925 இல் எட்வின் ஹபிள் நிறுவிய பின்னரே, இவற்றின் இயல்பும் தெளிவாயிற்று. இவை சுமார் 6 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அண்டத் தொகுதியொன்றின் உறுப்புகள். 1938 இல் ஹார்லோ ஷாப்லி, தென்னாப்பிரிக்காவில் எடுத்த புகைப்படத் தகடுகளின் துணையால், நமக்கு மிக அண்மையிலுள்ள சிற்றண்டம் ஒன்றையும் அவ்வுலையில் கண்டறிந்தார்.

ஹபிளின் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி, 2003 செப்டம்பர் முதல் 2004 ஜனவரி வரை, அதே உலையில் வெறுமையாய்த் தோன்றிய ஒரு சிறு புள்ளியை ஏறத்தாழ 10 லட்சம் விநாடிகள் உற்றுநோக்கியது. முழுமதியின் விட்டத்தில் பத்திலொரு பங்கு அகலமே உடைய இடம் அது. அதனுள் தெரிந்த அண்டங்கள் ஏறத்தாழ 10,000. லகாய் தென்வானம் முழுவதிலும் குறித்த விண்மீன்கள் எத்தனையோ, ஏறக்குறைய அத்தனை அண்டங்கள் அச்சிறு புள்ளியில்!

அப்படத்தைக் கண்ட அன்று என் பழைய மாணவனை நினைந்தேன். "எனக்குத் தெரியவில்லை, தேடிப் பார்ப்போம்" என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். என் கண்ணின் எல்லையை வானத்தின் எல்லையாக அவனுக்குக் கற்பித்துவிட்டேன். உங்களுள் ஆசிரியராகப் போகிறவர்கள் அவ்விடையை ஒருபோதும் கூறாதிருப்பீர்களாக.