57.8 மில்லிமீட்டர்: ஓசூரில் ஒரு ஸ்ட்ரோக்கின் வரலாறு

கல்லூரியை விட்டு வெளியே வந்து பதினைந்து வருஷம் ஆகப் போகிறது. பாகலூர் ரோட்டில் பட்டறை போட்டிருப்பதால் நம் மெக்கானிக்கல் தம்பிகள் அடிக்கடி வந்து போவார்கள். பாட்ச் மாறும், கேள்வி மட்டும் மாறாது. "அண்ணா, 160 வண்டியை 180 ஆக்கலாமா? என்னென்ன பார்ட்ஸ் வாங்கணும்?" மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் இந்தக் கேள்விக்கே பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் பார்ட்ஸ் பட்டியல் மட்டும் கொடுத்தால் அது கடைச் சீட்டு. இதற்குப் பின்னால் நம் ஊரிலேயே நடந்த ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்ஜினின் சி.சி.யைக் கூட்ட இரண்டே வழிதான். ஒன்று, சிலிண்டர் துளையை அகலப்படுத்துவது. மற்றொன்று, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கை, நீட்டுவது. இரண்டாவது வழியில் கட்டிய என்ஜினைத்தான் 'ஸ்ட்ரோக்கர்' என்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் முதல் வழியில்தான் போனார்கள். புல்லட் 350-க்கு 70 × 90 மி.மீ., புல்லட் 500-க்கு 84 × 90 மி.மீ. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் அதே 90. நம் சீனியர்களின் காதலியான யமஹா ஆர்.எக்ஸ். 100 சரியாக 50 × 50; அதன் தங்கை ஆர்.எக்ஸ். 135-க்கு 58 × 50. அங்கேயும் துளைதான் பெருத்தது, கிராங்க்கின் வீச்சு அப்படியே நின்றது. காரணம் சுலபம். துளையை மாற்றினால் பிளாக்கும் பிஸ்டனும் மாறினால் போதும். ஸ்ட்ரோக்கைத் தொட்டால் என்ஜினின் வயிற்றையே கிழிக்க வேண்டும்.

கிழித்துப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1949 மாடல் மெர்குரி காரின் கிராங்க்குக்கு 4 அங்குல ஸ்ட்ரோக். அதே குடும்பத்து ஃபோர்டு வி-8 என்ஜினுக்கு 3¾ அங்குலம். மெர்குரி கிராங்க்கைக் கொண்டுவந்து ஃபோர்டு பிளாக்கில் உட்காரவைத்து ஓட்டினார்கள். பிற்பாடு ஷெவர்லே 350 பிளாக்கில் 400-இன் கிராங்க்கைப் போட்டு, துளையையும் 30 தவ் எடுத்து, 383 கன அங்குலம் ஆக்கிய கதை இன்றைக்கும் அங்கே முதல் ஸ்ட்ரோக்கர் கட்டுகிறவனுக்குப் பாலபாடம். 400 கிராங்க்கின் மெயின் ஜர்னல் 2.65 அங்குலம், 350-க்கு 2.45. ஆகவே ஜர்னலைக் கடைந்து சிறிதாக்கினால்தான் உள்ளே போகும். கவனியுங்கள், இரண்டு கதையிலும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பெரிய அண்ணன் சட்டையைத் தம்பிக்குத் தைத்துப் போட்ட வேலைதான்.

இனி நம் ஊர். 1970-களில் சிப்காட் வந்தது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளியே வந்தது, அதே காலத்தில் அசோக் லேலண்டும் இங்கே வந்தது. 1984-இல் இந்த்-சுசுகி 100 சி.சி. டூ-ஸ்ட்ரோக். 2000-இல் ஃபியரோ, 147.5 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக். 2001-இல் டி.வி.எஸ்.ஸும் சுசுகியும் பிரிந்தார்கள். தனியாக நிற்க முடியுமா என்று பலர் சந்தேகப்பட்ட நேரத்தில் விக்டர் வந்து காப்பாற்றியது. 2006-இல் அப்பாச்சி வந்தது. அதுவும் 147.5 சி.சி.தான்: 57 மி.மீ. துளை, 57.8 மி.மீ. ஸ்ட்ரோக். ஏறக்குறைய சதுரமான என்ஜின்.

2007-இல் ஆர்.டி.ஆர். 160. துளையை 62-க்கு அகலப்படுத்தி, ஸ்ட்ரோக்கை 52.9-க்குச் சுருக்கினார்கள். 1982 முதலே ரேஸ் அணி வைத்திருந்த கம்பெனிக்கு இது இயல்பான முடிவு. ஸ்ட்ரோக் குட்டையானால் பிஸ்டன் வேகம் குறையும், சுற்று தாராளமாக ஏறும்; துளை அகலமானால் வால்வுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் 2009-இல் ஆர்.டி.ஆர். 180 வந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? துளை 62.5; அரை மில்லிமீட்டர்தான் கூடியது. ஸ்ட்ரோக் மறுபடியும் 57.8!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 160-இன் கொள்ளளவு 159.7 சி.சி., 180-க்கு 177.3. கூடியது 17.6 சி.சி. துளையை 62-லேயே வைத்து ஸ்ட்ரோக்கை மட்டும் நீட்டியிருந்தாலே 174.5 வந்திருக்கும். ஆக, கூடியதில் 14.8 சி.சி. ஸ்ட்ரோக் தந்தது, மிச்சம் 2.8 தான் துளை தந்தது. தொழிற்சாலையே கட்டிய ஸ்ட்ரோக்கர் என்று இதைச் சொன்னால் தப்பில்லை. 2016-இல் நான்கு வால்வு ஆர்.டி.ஆர். 200 வந்தது: 66 × 57.8. அதே ஸ்ட்ரோக்! 2018-இல் வந்த 160 நான்கு வால்வோ பழையபடி 62 × 52.9. பன்னிரண்டு வருஷத்தில் துளை 57, 62, 62.5, 66 என்று அலைந்தது. ஸ்ட்ரோக் மட்டும் இரண்டே எண்களில் நின்றது. கிராங்க்கின் வீச்சை மாற்றுவது எவ்வளவு பெரிய செலவு என்று இதைவிட நன்றாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது என்பது என் அபிப்பிராயம்.

சரி, தம்பிகள் கேட்ட கேள்விக்கு வருவோம். "அப்ப 180 கிராங்க்கை வாங்கி 160-இல் போட்டா முடிஞ்சுதே!" அவசரப்படக் கூடாது. ஸ்ட்ரோக் அளவு ஒன்று என்பதால் பாகம் ஒன்று என்று ஆகிவிடாது. பேரிங் உட்காரும் விட்டம், மேக்னெட்டோ பக்கத்து டேப்பர், பிரைமரி கியர் பக்கத்து நீளம், பிளைவீல் அகலம் எல்லாவற்றையும் மைக்ரோமீட்டர் வைத்து இரண்டு கிராங்க்கிலும் அளந்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். ஷெவர்லேக்காரர்கள் ஜர்னலைக் கடைந்தார்களே, அந்த வேலை இங்கே அவ்வளவு சுலபமில்லை. நம் பைக் கிராங்க் இரண்டு பிளைவீலும் ஒரு பின்னுமாகப் பிரஸ்ஸில் அடித்துச் சேர்த்தது. பின் துளையை வெல்டு வைத்து அடைத்து, தள்ளி வேறு துளை போட்டுத் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. முதல் என்ஜினுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கிராங்க் கிடைத்தது என்று வையுங்கள். ஸ்ட்ரோக் 4.9 மி.மீ. கூடினால் கிராங்க்கின் வீச்சு அதில் பாதி, 2.45 மி.மீ. கூடும். அதாவது பிஸ்டன் மேலே 2.45 மி.மீ. அதிகம் ஏறும், கீழே அதே அளவு அதிகம் இறங்கும். ஸ்ட்ரோக்கர் கட்டுவதன் தலைவலி முழுக்க இந்த 2.45-க்குள் இருக்கிறது. மேலே ஏறுவதைச் சமாளிக்க மூன்று வழி. கன்ராடைக் குட்டையாக்கலாம், ஆனால் ராடின் சாய்வு கூடி பிஸ்டன் சிலிண்டர் சுவரை அதிகமாகத் தள்ளும். பின் துளை உயரத்தில் இருக்கிற பிஸ்டன் போடலாம். இதுதான் சுத்தமான வழி, ரிங் பள்ளத்துக்கு இடம் மிஞ்சுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அல்லது பிளாக்குக்கு அடியில் தடித்த பேக்கிங் பிளேட் கொடுத்துத் தூக்கலாம்; அப்போது கேம் செயின் அத்தனை நீளத்துக்கு எட்டுகிறதா, டைமிங் தள்ளிப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கீழே இறங்குவதை யாரும் யோசிப்பதில்லை. பிஸ்டனின் பாவாடை பிளைவீலில் உரசுகிறதா, ராடு கேஸ் வாயில் இடிக்கிறதா என்று என்ஜினைப் பூட்டும் முன் கையால் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளிக்கு, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை பிஸ்டன் தலையில் வைத்து ஹெட்டைப் பூட்டி இரண்டு சுற்று சுற்றி, கழற்றி, அமுங்கிய இடத்தை அளந்தால் போதும்.

அடுத்தது கம்ப்ரஷன். 159.7 சி.சி.க்கு 9.5 விகிதம் என்று வைத்தால் ஹெட் அறை 18.8 சி.சி. அதே அறையை 177.3-க்கு வைத்தால் விகிதம் 10.4 ஆகிவிடும். பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிற சாதா பெட்ரோலில், மே மாத வெயிலில், கிருஷ்ணகிரி மேட்டில் ஏறும்போது நாக்கிங் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். வேகமும் அப்படியே. 8,500 சுற்றில் 52.9 ஸ்ட்ரோக்குக்குப் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டர், 57.8-க்கு 16.4. ராடும் பின்னும் தாங்கும் இழுவை, பிஸ்டன் எடை அதேயானாலும், 9 சதவீதம் கூடும்.

ஆகவே வாங்கும் வரிசை: முதலில் கிராங்க், பிறகு ராடு, அதன் பிறகு கணக்குப் போட்டு பிஸ்டன், கடைசியில் பிளாக்கும் பேக்கிங்கும். போன வருஷம் கடைசி வருஷ மாணவர்கள் நாலு பேர் வந்தார்கள். கையில் பளபளவென்று பிஸ்டன் கிட், கிராங்க் இன்னும் வாங்கவில்லை! கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டுப் பெண் தேடிய மாதிரி. கிட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

கிராங்க்கை அடித்துச் சேர்த்த பின் வீ பிளாக்கில் வைத்து டயல் கேஜ் போட்டு, ஆட்டம் நூறில் இரண்டு மூன்று பங்குக்குள் வரும்வரை செம்புச் சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டும். எங்கே, எவ்வளவு தட்டுவது என்பது கையில் இருக்கிற வித்தை. என் பட்டறையில் அதைச் செய்கிற மேஸ்திரிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் கணக்குச் சொல்வார், பில் தமிழில் எழுதுவார். நம் எல்லைப் பக்கத்து ஆள். பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்துக்குப் போனால் தினம் கூலி கிடைக்கும் என்று அவர் மகன் போய்விட்டான். 2021-இல் ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர்கள் வர ஆரம்பித்தன. அவற்றில் கிராங்க்கே கிடையாது. இந்தத் தட்டுதலைக் கற்க விரும்பும் மாணவர் யாராவது இருந்தால் சனிக்கிழமை மதியம் வரலாம். மேஸ்திரி சம்மதித்திருக்கிறார்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி சொன்ன அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் 159.7 என்று இருக்க, உள்ளே 177 ஓடினால் நாளைக்கு ஒரு விபத்தில் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். அதனால் பிராஜெக்ட் என்ஜினை வண்டியில் ஏற்றாதீர்கள். லேபில் ஸ்டாண்டில் கட்டி, டைனமோமீட்டரில் பூட்டி, 160-இன் ரீடிங்கை முதலில் எடுத்து வையுங்கள். பிறகு ஸ்ட்ரோக்கை மாற்றி அதே ஜெட், அதே பெட்ரோலில் ஓட்டி, இரண்டு வளைவையும் ஒரே கிராஃப் தாளில் வரைந்து கொண்டு வாருங்கள். பார்க்க எனக்கும் ஆசை.