பேடல் மட்டை: ஆட்டத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1969-இல் மெக்சிகோவின் அகாபுல்கோ நகரில் தோன்றிய பேடல் விளையாட்டின் மட்டையில் நரம்புகள் இல்லை. துளைகளிட்ட கெட்டியான முகப்பே உண்டு. விதிகளின்படி அதன் நீளம் 45.5 செ.மீ., தடிமன் 38 மி.மீ. அளவைத் தாண்டக் கூடாது.

வட்ட வடிவ மட்டையின் கனம் கைப்பிடியை ஒட்டி அமைவதால் பந்தைக் கட்டுப்படுத்துவது எளிது. புதியவர்களுக்கும் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கும் இது ஏற்றது. வைர வடிவ மட்டையின் தலைப்பகுதி கனமானது. ஓங்கி அடிக்க வலு சேர்க்கும். ஆனால், பந்து சரியான இடத்தில் படாவிட்டால் குறி தவறும் என்பதால் அனுபவம் மிக்கவர்களுக்கே அது பொருந்தும். கண்ணீர்த்துளி வடிவம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

பெரும்பாலான மட்டைகளின் எடை 340 முதல் 390 கிராம் வரை இருக்கும். மென்மையான உட்பகுதி அதிர்வைக் குறைக்கும். முழங்கை வலி உள்ளவர்கள் கனமான, கடினமான மட்டைகளைத் தவிர்ப்பது நல்லது. ஆட்டத்தின்போது மணிக்கட்டுப் பட்டை அணிவது கட்டாயம்.