கருவும் ஓடும்

தேங்காய்ப் பருப்பைச் சூழ்ந்து ஓடு இருப்பதுபோல, யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருவைச் சூழ்ந்து நிற்பது ‘ஷெல்’ என்னும் நிரல். நாம் தட்டச்சிடும் கட்டளையை ஏற்றுக் கருவுக்கு உணர்த்துவது அதன் பணி. அதனைக் கருவோடு பிணைக்காமல், எவரும் மாற்றிக்கொள்ளத்தக்க தனி நிரலாக வைத்தனர். அதனாலன்றோ இத்தனை வகைகள் பிறந்தன!

1971-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் முதல் ஷெல்லை எழுதினார். 1979-இல் அங்கிருந்து வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல், நிபந்தனையும் சுழற்சியும் கொண்ட ஒரு மொழியாகவே வளர்ந்திருந்தது. பெர்க்லியில் பில் ஜாய் ‘சி’ மொழியின் சாயலில் மற்றொன்றைச் செய்தார். முன்பு இட்ட கட்டளையை அதில் மீண்டும் அழைக்கலாம். அறுபதைக் கடந்த என் விரல்களுக்கு அது பெரிய வரம்.

ஆயினும் போர்ன் ஷெல்லின் மூலநிரல் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் உரிமம் பெற்றோர்க்கே கிட்டியது. 1989-இல் பிரையன் பாக்ஸ், குனு திட்டத்துக்காக ‘பாஷ்’ என்பதை எழுதினார். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ‘மீண்டும் போர்ன்’ என்ற அப்பெயரில் ‘மறுபிறவி’ என்னும் சிலேடையும் உண்டு.

சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007-இல் வெளிவந்த ‘பாஸ்’ லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதில் மாணவனின் கட்டளையை ஏற்பதும் பாஷே. காந்தல் மாணவன் ஒருவன் அதன் மூலநிரலைத் திறந்து வரிவரியாக வாசிக்க எவர் அனுமதியும் வேண்டா.