எழுதித் தர ஆள் உண்டு, எழுதக் கற்பிக்க?

தாத்தா வீட்டுக் கிணற்றில் பாம்பு விழுந்த கதையைக் கேட்டால், ஒரு மாணவன் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்வான். எழுதச் சொன்னால், ‘தாத்தா நல்லவர். கிணறு பெரியது’ என்று நிறுத்திவிடுவான். கற்றல் குறைபாடுள்ள மாணவர்களிடம் ஆசிரியர்கள் அன்றாடம் காண்பது இது. பிழையின்றி எழுத வரும் சொற்கள் மட்டுமே தாளில் இறங்குகின்றன. இதைப் பார்த்துச் சிலர் ‘சோம்பேறி’ என்கிறார்கள். சிலர் ‘பாவம், இவனால் முடிந்தது இவ்வளவுதான்’ என்கிறார்கள். கனிவாகத் தோன்றும் இந்த இரண்டாவது மனப்பான்மையே கூடுதல் கெடுதல் செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழ் எழுத்து இம்மாணவர்களுக்குத் தரும் சிரமம் சிறியதல்ல. ‘கொடி’ என்று கேட்டால் காதில் முதலில் விழுவது ககரம். கையோ ஒற்றைக்கொம்பில் தொடங்கி, ககரத்தை எழுதி, துணைக்காலில் முடிக்க வேண்டும். ‘பள்ளி’ எழுதப்போய்ப் ‘பல்லி’ ஆகிறது, சிவப்பு மை பாய்கிறது. கவனமெல்லாம் எழுத்து வடிவத்திலேயே செலவானால் கருத்துக்கு என்ன மிஞ்சும்?

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவ் கிரஹாம் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. கற்றல் குறைபாடுள்ள மாணவர்கள் வாய்மொழியாகச் சொல்லிப் பிறர் எழுதிய கட்டுரைகள், அவர்களே கையால் எழுதியவற்றைவிடத் தரமாக இருந்தன.

இந்தியச் சட்டம் கற்றல் குறைபாட்டைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை; 2016-ஆம் ஆண்டின் சட்டமே அதை 21 குறைபாட்டு வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும், பெற்றோரும் அமைப்புகளும் போராடிப் பெற்ற உரிமைகள். அவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது. ஆனால் தேர்வறைக்கான சலுகை வகுப்பறையில் சாக்காக மாறுகிறது. ‘பரீட்சையில்தான் வேறொருவர் எழுதப்போகிறாரே’ என்று, கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலையோடு அந்தப் பிள்ளை விடப்படுகிறது.

கற்பித்தால் பலன் உண்டா? உண்டு. கேரன் ஹாரிஸும் கிரஹாமும் 1980-களிலிருந்து வளர்த்த முறையில், கருத்தைத் தேர்ந்து, குறிப்புகளை ஒழுங்குபடுத்தி, எழுதி, மேலும் விரிக்கும் படிகளை ஆசிரியர் முதலில் வாய்விட்டு யோசித்துக் காட்டுகிறார், பிறகு மாணவரோடு சேர்ந்து செய்கிறார், கடைசியில் விலகிக்கொள்கிறார். கற்றல் குறைபாடுள்ள மாணவர்களின் எழுத்து இதனால் நீண்டதும் மேம்பட்டதும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் தடை எங்கே? ‘என்னால் இவனுக்குக் கற்பிக்க முடியும்’ என்று ஆசிரியர் தம்மைப் பற்றிக் கொள்ளும் நம்பிக்கை இல்லாமையில். செய்து பார்த்துப் பலன் காணாமல் அந்த நம்பிக்கை பிறக்காது. கற்றல் குறைபாட்டின் வகைகளை மனப்பாடம் செய்விக்கும் பயிற்சி முகாம் அதைத் தராது. ஒரே ஒரு மாணவர் சொல்லும் கதையை ஆசிரியர் எழுதிக்கொள்ளட்டும். அதிலிருந்து குறிப்பெடுத்து அவரையே மீண்டும் எழுதவைக்கட்டும். கருத்துக்கும் எழுத்துப்பிழைக்கும் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். பருவத் தொடக்கத்துத் தாளையும் முடிவில் வந்த தாளையும் சக ஆசிரியர்களோடு ஒப்பிட்டுப் பேச, பயிற்சி நாள்களில் நேரம் ஒதுக்க வேண்டும்.